மணல் மூடிய நகரின் இரு ஆசனங்கள்

அயர்லாந்தின் தென்கிழக்கே, வெக்ஸ்போட் மாவட்டக் கடற்கரையில் பானோ என்னும் சிற்றூர் உள்ளது. 1169ஆம் ஆண்டில் றொபேட் பிற்ஸ்ரீபன் தலைமையில் நோர்மானியப் படை கரையிறங்கியது இவ்விடத்திலேயே. அதன் பின்னர் இங்கு ஒரு துறைமுக நகர் எழுந்தது. ஆயின் காலப்போக்கில் துறைவாயில் மணலால் அடைபட்டது, முன்பு தனித்திருந்த பானோத் தீவு தலைநிலத்தோடு இணைந்தது, வணிகம் நலிந்தது, வீடுகளும் வீதிகளும் மணலுள் மறைந்தன. புனித மரியாள் தேவாலயத்தின் இடிபாடே பழைய நகரின் முதன்மையான சான்றாக எஞ்சியது.

நகர் மறைந்த பின்னரும் அதன் அரசியல் உரிமை மறையவில்லை. 1800ஆம் ஆண்டுவரை பானோ, டப்ளின் பாராளுமன்றத்துக்கு இரு அங்கத்தவரை அனுப்பிவந்தது. இடிந்த தேவாலயத்தின் அருகே தேர்தற் சடங்கு நடைபெற்றதென மரபுவழிச் செய்தி கூறும்.

இந்நிலைக்கான காரணத்தை அன்றைய பிரதிநிதித்துவ அமைப்பிலே காணலாம். அயர்லாந்தின் கீழ்ச்சபையில் 300 அங்கத்தவர் இருந்தனர். 32 மாவட்டங்கள் 64 பேரையும், டிரினிற்றிக் கல்லூரி இருவரையும் அனுப்ப, எஞ்சிய 234 பேரும் 117 நகரத் தொகுதிகளிலிருந்து வந்தனர். இவற்றுட் பல, நிலப்பிரபுக்களின் ஆதிக்கத்துக்குட்பட்டவை. பிரபு சுட்டியவரே அங்கத்தவரானார். வெக்ஸ்போட் மாவட்டத்தில் மட்டும் எட்டு நகரத் தொகுதிகள் இருந்தமையால் அதற்கு 18 அங்கத்தவர் கிடைத்தனர். ஆனால் மக்கட்டொகையிற் பெரும்பான்மையினரான கத்தோலிக்கருள் ஒருவரேனும் அச்சபையில் அமர இயலாது. அவர்களுக்கு வாக்குரிமைகூட 1793இலேயே மீண்டும் கிடைத்தது.

1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வெக்ஸ்போட் மாவட்டத்தை இரத்தக்களமாக்கியது. அதன்பின் அயர்லாந்தைப் பிரித்தானியாவுடன் ஒன்றிணைக்கும் முயற்சியைப் பிரதமர் பிற் விரைவுபடுத்தினார். 1799 ஜனவரியில் 111க்கு 106 என்ற வாக்குகளால் தோல்வியுற்ற அம்முயற்சி, 1800 பெப்ரவரியில் 158க்கு 115 என வென்றது. ஓராண்டுக்குள் நேர்ந்த இம்மாற்றத்துக்குப் பட்டங்களும் பதவிகளும் துணைசெய்தன. தொகுதிகளுக்கான நட்டஈடும் பிரபுக்களின் எதிர்ப்பைத் தணித்தது.

ஒன்றியச் சட்டத்தால் 84 நகரத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுண் வீதம் மொத்தம் 12 இலட்சத்து 60 ஆயிரம் பவுண் வழங்கப்பட்டது. பானோவுக்கான தொகையை ஈலி பிரபுவும் சார்ள்ஸ் டொட்டன்ஹாமும் பெற்றனர். இப்பணம் அயர்லாந்தின் பொதுக் கணக்கிலேயே சுமத்தப்பட்டது. பாராளுமன்றத்தில் இடமற்றிருந்த மக்களும் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது.

32 ஆண்டுகளின் பின், 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் இங்கிலாந்தின் பழைய சாரம் முதலிய வெற்றுத் தொகுதிகளை ஒழித்தபோது உரிமையாளருக்கு நட்டஈடு எதுவும் கொடுபடவில்லை. ஆசனம் என்பது தனியார் சொத்தன்று என்ற கருத்து அதற்குள் வலுப்பெற்றிருந்தது.

பானோ போன்ற தொகுதிகள் ஒழிந்தமையை ஊழலின் முடிவெனப் போற்றலாம். ஆயினும் அவ்வூழலை ஒழித்த அதே சட்டம் அயர்லாந்தின் பாராளுமன்றத்தையும் ஒழித்தது. வெக்ஸ்போட்டின் 18 அங்கத்தவர் நால்வராகக் குறைந்தனர். அந்நால்வரும் இலண்டனிலேயே அமர்ந்தனர். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் இடம்பெற 1829வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. மக்களில்லாத நகரின் ஆசனங்களுக்கு விலை மதிப்பிட்ட சட்டம், ஆசனமில்லாத மக்களின் இழப்பைக் கணக்கிலெடுக்கவில்லை. பானோவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவாகும்.