பொதுமுடக்கமும் மருந்துக்கடையும்: ஒரு மதிப்பீட்டைப் பற்றிய விசாரணை

2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இந்தியப் பெண்களுக்குக் கருக்கலைப்புச் சேவை எட்டாமற் போனதற்கு, மருத்துவமனைகள் கொரோனா நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டமையே பிரதான காரணம் என்னும் அபிப்பிராயம் இத்துறையில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. அதற்குப் பிரமாணமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அவ்வாண்டு மே மாதத்தில் ஐபாஸ் டெவலப்மெண்ட் ஃபவுண்டேஷன் வெளியிட்ட மதிப்பீடு. அந்த ஆவணத்தையே ஊன்றிப் படிப்போர்க்கு அது வேறொன்றைச் சொல்கிறது என்பது என் துணிபு.

மார்ச் 25 முதல் மூன்று மாதங்களில், இயல்பான காலமாயின் நடந்திருக்கக்கூடிய 39 லட்சம் கருக்கலைப்புகளில் 18.5 லட்சம், அதாவது நூற்றுக்கு 47, இடையூறுக்குள்ளாயின என்பது அதன் முடிபு. 2015இல் நாட்டில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வொன்று கணித்திருந்தது; அத்தொகையை நான்கால் வகுத்தால் மிகாமலும் குறையாமலும் கிடைப்பது இந்த 39 லட்சமே. அந்த ஆய்வின்படி மருத்துவமனைகளில் நடந்தவை 34 லட்சம் மட்டுமே. 1 கோடியே 15 லட்சம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தவை. பிற்கூறிய தொகையோ, ஒரு மிஃபெப்ரிஸ்டோனும் நான்கு மிசோப்ரோஸ்டாலும் அடங்கிய அட்டைகள் முதலிய மருந்துகளின் விற்பனைக் கணக்கிலிருந்து, சில கழிவுகள் போக, அனுமானிக்கப்பட்டது. ஆகவே நாம் வாதாடும் எண்ணின் அடித்தளத்தில் இருப்பது கடைக்காரரின் பேரேடேயன்றி மருத்துவமனைப் பதிவேடன்று.

இதனால்தான் அந்த 18.5 லட்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு, மருந்துக்கடைகளில் மாத்திரை கிடைக்காமையால் நேர்ந்தது என்று மதிப்பீடே ஒப்புக்கொள்கிறது. மருத்துவமனைகளின் பங்கு, அரசும் தனியாரும் சேர்ந்தே, எஞ்சிய ஐந்திலொன்றுதான். விசித்திரம் என்னவெனில், தொலைபேசியில் விசாரிக்கப்பட்டவை எட்டு மாநிலங்களின் 509 அரசு நிலையங்களும் 52 தனியார் மருத்துவரிடங்களுமே. கடைகளைப் பற்றிய பெரும்பகுதியோ, துறை நிபுணர்களும் மருந்து வணிகமறிந்தோரும் கூறியவற்றைச் சார்ந்தது. இழப்பு மிகுந்த இடத்தில் சாட்சியம் மெலிந்தும், இழப்புக் குறைந்த இடத்தில் சாட்சியம் மிகுந்தும் இருக்கும் ஓர் ஆவணத்தைக் கொண்டு 80 என்னும் எண்ணை நான் அறுதியிடத் துணியேன். ஆனால் அதன் திசையைச் சந்தேகிக்க எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

மார்ச் 24ஆம் தேதி உள்துறை ஆணை மருந்துக்கடைகளுக்கு விலக்களித்திருந்தது. ஏப்ரலில் சுகாதார அமைச்சகம் விடுத்த வழிகாட்டுதல் இனப்பெருக்க நலச் சேவைகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. திறந்திருந்த கடையிலும் மருந்து இல்லாமற் போனதற்குப் போக்குவரத்துத் தடையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. கருவின் பால் தெரிவைத் தடுக்கும் சட்டத்தையும் கருக்கலைப்புச் சட்டத்தையும் ஒன்றாய்க் குழப்பிக்கொண்ட அதிகாரிகளின் சோதனைக்கு அஞ்சி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் மிகச் சொற்பமான கடைகளே இம்மருந்தை வைத்திருந்தன என்பதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவரின் சீட்டோடு வந்தவளுக்கும் “அது நாங்கள் வைப்பதில்லை” என்னும் பதிலே கிடைக்கும் ஊரில், தொற்று எதைப் பறித்ததென்று கணக்கிடுவது? தேசியச் சராசரியை மாநிலங்கள்மீது ஏற்றிப் பேசுவோர் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

முடக்கக் காலத்தில் தேவையே குறைந்திருக்கலாமே என்பாருமுளர். நகரங்களில் உழைத்த கணவன்மார் லட்சக்கணக்கில் வீடு திரும்பிய, கருத்தடைச் சாதனங்களும் தட்டுப்பாடாயிருந்த மாதங்கள் அவை என்பதை நினைவூட்டினால் போதும்.

சட்டம் அங்கீகரித்த இடத்தை மட்டுமே அமைச்சகத்தின் வழிகாட்டுதலால் காக்க முடிந்தது. பெண்கள் உண்மையில் நாடிய இடம் அதன் கண்ணிற்படவில்லை. 2021இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டுச் சில பிரிவினர்க்குக் காலவரம்பு 24 வாரமாக உயர்ந்தபோதும், கருக்கலைப்பு எவ்விடத்தில் நிகழலாம் என்று விதிக்கும் அதன் நான்காம் பிரிவு, 1971இல் கொண்ட நோக்கிலேயே, அரசு மருத்துவமனையையும் அரசு ஒப்பிய இடத்தையும் மட்டும் குறிப்பிட்டு நிற்கிறது.