பெயர்ப்பட்டியல் யார் கையில்? – இணையமும் சுயாதீன இசைவாணரும்

திருச்சபையின் இசை வரலாற்றை ஆராய்வோர் பாடல்களின் இறையியலைக் குறித்தும் மெட்டுகளின் தோற்றத்தைக் குறித்தும் நிறைய எழுதியுள்ளனர். அவற்றை ஆக்கியோர் எதைக் கொண்டு உயிர்வாழ்ந்தனர் என்னும் வினாவை எழுப்பியோர் சிலரே. லைப்சிக் நகரில் புனித தோமா ஆலயத்தின் இசைத்தலைவராயிருந்த யோகான் செபஸ்தியான் பாக், 1730ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தம் இளமைக்கால நண்பர் கியோர்க் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் இவ்வினாவுக்கு ஒளிவுமறைவற்ற விடை கிடைக்கிறது. தம் பதவியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 தாலர் வருவதாகவும், அடக்க ஆராதனைகள் மிகுந்தால் வருமானம் ஏறுவதாகவும், சென்ற ஆண்டில் ஊரின் காற்று நலமாயிருந்தமையால் அவ்வகையில் 100 தாலருக்கு மேல் இழந்ததாகவும் அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். ஊரில் சாவு குறைந்தது. பாடகர் வீட்டு அடுப்பும் தணிந்தது. நம் சபைகளில் ஆர்கன் வாசிப்போருக்கு நாம் அளிக்கும் மாத ஊதியத்தை நினைத்தால் லைப்சிக் நமக்கு அத்தனை தொலைவில் இல்லை.

ஆலயத்தையும் அரண்மனையையும் விட்டு வெளியே வந்த இசைவாணர் கண்ட முதல் வழி, கேட்போரிடம் முன்கூட்டியே கையொப்பமும் பணமும் பெறுவதாகும். 1784 மார்ச்சில் மோட்சார்ட் வியன்னாவிலிருந்து தம் தந்தைக்கு ஒரு பட்டியலை அனுப்பினார். அவருடைய மூன்று இசை நிகழ்ச்சிகளுக்கு முன்பணம் கட்டிய 174 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. ஐந்தாண்டுகள் சென்று, 1789 ஜூலையில், அதுபோன்ற ஒரு பட்டியலை இரண்டு வாரம் சுற்றுக்கு விட்டபோது அதில் விழுந்த கையொப்பம் ஒன்றே. வான் ஸ்வீட்டன் பிரபுவினுடையது. பட்டியல் சோறு போடும். பட்டியலே பட்டினியும் போடும். ஆயினும் இவ்விரு பட்டியல்களிலும் ஒரு சிறப்பு உண்டு. தம்மைக் கேட்க வருகிறவர் யார், கைவிட்டவர் யார் என்பதை மோட்சார்ட் பெயர் பெயராக அறிந்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டு நிறுவனங்கள் பறித்துக்கொண்டது இந்த அறிவையே என்பது நம் கருத்து. நிறுவனம் பதிவுச் செலவை முன்பணமாகத் தரும். பின்னர் அதை இசைவாணருக்குரிய பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும். பெரும்பாலும் மூலப்பதிவின் உரிமையும் நிறுவனத்துக்கே. இவற்றைக் குறித்து வழக்குகள் பல நடந்துள்ளன. ஆனால் தட்டை வாங்கியவர் பெயர் கடைக்காரருக்கே தெரியாது. பாடகருக்குத் தெரிய வழியே இல்லை. ஆயர் ஒருவர் தம் சபையாரில் ஒருவரையும் கண்ணால் காணாமல், ஆண்டுக்கொருமுறை அவர்களுடைய எண்ணிக்கையை மட்டும் தபாலில் பெறுவதாக வைத்துக்கொண்டால் இந்நிலை விளங்கும். நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்த நாளில் பாடகர் சபையற்றவரானார். சபை கலைந்துவிடவில்லை, அதன் முகவரி அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் மரில்லியன் இசைக்குழுவின் வரலாறு இதற்கு மிகச் சிறந்த சான்று. 1979இல் ஆய்ல்ஸ்பரி என்னும் சிற்றூரில் தோன்றிய இக்குழு, 1982இல் இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 1985இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் உச்சியை எட்டியது. 1988இல் அதன் பாடகர் ஃபிஷ் விலகினார்; அடுத்த ஆண்டு ஸ்டீவ் ஹோகார்த் அவரிடத்துக்கு வந்தார். விற்பனை படிப்படியாக இறங்க, 1995இல் இஎம்ஐ குழுவைக் கைவிட்டது. பத்திரிகைகளும் வானொலியும் அக்குழுவை ஏறக்குறைய அடக்கம்பண்ணி முடித்திருந்தன.

அக்காலத்தில் இணையம் பெரும்பாலோருக்குப் புதுமை. மரில்லியன் இரசிகரிற் சிலர் மின்னஞ்சல் வழியே ஒருவரோடொருவர் உரையாடும் ஒரு வட்டத்தை அமைத்திருந்தனர். குழுவினர் அதை ஏற்படுத்தவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. அமெரிக்காவுக்கு ஏன் வருவதில்லை என்று அங்குள்ள அன்பர்கள் கேட்டபோது, வந்தால் ஏறத்தாழ 60,000 டாலர் நட்டம் நேரும் என்று விசைப்பலகை வாசிப்பவரான மார்க் கெல்லி விடையெழுதினார். அதைத் தாங்களே திரட்டித் தருவதாக அன்பர்கள் முன்வந்தனர். குழுவினர் நம்பவில்லை. அன்பர்களோ தங்களுள் ஒருவர் பொறுப்பில் தனி வங்கிக் கணக்குத் திறந்து, தொகை நிறைவேறும்வரை குழுவினர் அதில் கைவைக்க இயலாதவாறு செய்து, கேட்ட பணத்தைச் சேர்த்தனர். 1997இல் பயணம் நடந்தேறியது.

இந்நிகழ்ச்சியைத் திரள்நிதியின் பிறப்பு என்று பலர் போற்றுகின்றனர். நமக்கோ அதன் பொருளாதாரத்தினும் அக்கணக்கின் அமைப்பே பெரிதாகப்படுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மப்பணம் பற்றிய 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை இதனருகில் வைத்து வாசிக்கலாம். தொகை பெரிதாயிருந்தமையால் தம்மேல் எவரும் குற்றம் சாட்டாதபடி பவுல் எச்சரிக்கையாயிருந்தார். சபைகளே தெரிந்தெடுத்த சகோதரரைத் தீத்துவுடன் அனுப்பினார். கொடுப்போரின் ஆள் பணத்துக்குக் காவல் இருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னர் காண்போம்.

அப்பயணத்தால் மரில்லியன் கற்ற பாடம், முகவரிகளைத் திரட்டவேண்டும் என்பதே. 2000ஆம் ஆண்டில் நிறுவனம் ஏதும் முன்பணம் தராத நிலையில், தம் கைவசமிருந்த முகவரிகளுக்கு அவர்கள் மின்னஞ்சல் விடுத்தனர். இன்னும் ஆக்கப்படாத ஓர் இசைத்தொகுப்புக்கு இப்போதே விலை தருவீர்களா என்பதே கேள்வி. 12,674 பேர் பணம் கட்டினர். அவ்வாறு பிறந்த 'அனோரக்நோஃபோபியா' 2001இல் வெளிவந்தது. கைவிட்ட இஎம்ஐ நிறுவனமே அதைக் கடைகளுக்கு விநியோகித்தது. ஆனால் உரிமை குழுவினரிடமே நின்றது. வேண்டாமென்று தள்ளியவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்ட கதை இது. 2004இல் வந்த 'மார்பிள்ஸ்' தொகுப்பின் சிறப்புப் பதிப்பில் முன்பணம் தந்தோரின் பெயர்களே அச்சேறின. 2002 முதல் குழுவினர் அன்பர்களைச் சில நாள் ஓரிடத்தில் தங்கச்செய்து கூடுகைகள் நடத்தலாயினர். நம் கன்வென்ஷன் கூட்டங்களை அறிந்தவர்க்கு இதன் ஆற்றல் புதிதன்று. 2022இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு பிரித்தானியப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது.

நீண்ட பெயர்ப்பட்டியலைக் காணும்போது நமக்கு உரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பிரசங்கிகள் விரைந்து தாண்டிச் செல்லும் அதிகாரம் அது. தாம் அதுவரை கால்வைத்திராத நகரிலுள்ள இருபதுக்கும் மேற்பட்டோரைப் பவுல் அங்கே பெயர்சொல்லி வாழ்த்துகிறார். அப்பட்டியலின் தலைப்பில் நிற்கும் பெபேயாளைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களுள் ஒன்றான 'புரொஸ்டாடிஸ்', புரவலர் என்னும் பொருளுடையது. சுயாதீன ஊழியர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் எவருக்குப் பின்னும் ஒரு பெபேயாள் உண்டு. சுயாதீன இசைவாணர் என்னும் வழக்கும் இவ்வகையில் அரைகுறையானதே. நிறுவனத்திடமிருந்து விடுதலை பெற்றவர் கேட்போரிடம் கட்டுண்டார்.

அதே 1997ஆம் ஆண்டில், கேட்போர் பாடகரைத் தேடிக் கண்டுபிடித்த இரு நிகழ்ச்சிகளும் நிகழ்ந்தன. இங்கிலாந்தின் வாஷ்டி பன்யன் என்னும் அம்மையார் 1970இல் வெளியிட்ட ஒரே தொகுப்பு சில நூறு படிகளே விற்றது. அவர் மனம் நொந்து பாட்டை விட்டு, குடும்பத்தைப் பேணி வாழ்ந்தார். 1997இல் கணினி ஒன்று வாங்கி, இணையத்தில் தம் பெயரைத் தேடியபோதுதான், அந்தப் பழைய தட்டை உலகின் பல இடங்களில் மக்கள் அரும்பொருளாகத் தேடியலைவது அவருக்குத் தெரியவந்தது. 2000இல் அது மறுபதிப்பாயிற்று. 2005இல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், அவருடைய இரண்டாம் தொகுப்பு வந்தது.

மற்றவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுப்புகளை வெளியிட்டுத் தோல்வியுற்று, பழைய வீடுகளை இடிக்கும் கூலிவேலைக்குச் சென்றவர். இவருடைய பாடல்கள் நிறவெறி ஆட்சிக்காலத்துத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் இளைஞரிடையே பெரும்புகழ் பெற்றிருந்தன; ஆள் இறந்துவிட்டார் என்றே அங்கு நம்பினர். அவரைத் தேடி அந்நாட்டு அன்பர்கள் 1997இல் அமைத்த இணையப்பக்கத்தை அவர் மகள் கண்டார். தந்தை உயிரோடிருக்கிறார் என்று எழுதினார். 1998இல் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா சென்று நிறைந்த அரங்குகளில் பாடினார். 2012இல் வெளிவந்து ஆஸ்கர் பரிசு பெற்ற ஆவணப்படம் இக்கதையை உலகறியச் செய்தது. அப்படம் உயிர்த்தெழுதலின் சாயலை விரும்பியதாலோ என்னவோ, 1979இலும் 1981இலும் அவர் ஆஸ்திரேலியாவில் பாடியதைச் சொல்லாமல் விட்டது. வரலாறு பயில்வோர் இத்தகைய விடுபாடுகளுக்கு விழிப்பாயிருத்தல் நலம். ரோட்ரிகஸ் 2023இல் மறைந்தார்.

இம்மூவர் வரலாற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. இணையம் ஒருவருக்கும் புதிய சபையைப் படைத்துத் தரவில்லை. ஏற்கெனவே இருந்து சிதறிக்கிடந்த சபையை அடையாளங்காட்டியது. மரில்லியனின் அன்பர் பலரைத் தேடித்தந்தது 1980களில் இஎம்ஐ செலவிட்ட பணமே என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். பெயரறியப்படாத இளைஞர் ஒருவர் அதே கருவியைக் கையிலெடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று அதன்பின் பலர் பரப்பிய நற்செய்தி, பாதி உண்மையே.

பின்வந்த ஆண்டுகளில் இம்முறை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஆர்ட்டிஸ்ட்ஷேர், 2008இல் பேண்ட்கேம்ப், 2009இல் கிக்ஸ்டார்ட்டர், 2013இல் பேட்ரியான் என இணைய நிறுவனங்கள் எழுந்தன. 2012இல் அமெரிக்கப் பாடகி அமண்டா பால்மர் கிக்ஸ்டார்ட்டர் வழியே ஏறத்தாழ 25,000 பேரிடம் 11 லட்சத்து 92 ஆயிரம் டாலர் திரட்டினார். அதே பயணத்தில், அந்தந்த ஊர் இசைக்கருவியாளர் சம்பளமின்றி வந்து தம்முடன் வாசிக்கலாம் என்று அவர் அழைத்தபோது கண்டனம் எழுந்தது. பின்னர் ஊதியம் தர இசைந்தார். திரளின் அன்பால் வாழ்ந்தவரே வேலையாளின் கூலியை மறந்தமை, இசையுலகுக்கு மட்டும் உரிய குற்றமன்று.

2009இல் தோன்றிய ப்ளெட்ஜ்மியூசிக் இசைவாணருக்கென்றே அமைந்தது. அன்பர்கள் செலுத்திய பணம் முதலில் நிறுவனத்தின் கையில் சேரும். அது இசைவாணருக்குப் பிரித்துத் தரும். 2018இல் பணம் தாமதமாயிற்று. 2019இல் நின்றே போயிற்று. அவ்வாண்டு ஜூலையில் இலண்டன் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டது. தம் அன்பர்கள் தந்த பணம் வராமலே, அவர்களுக்கு வாக்களித்த தொகுப்புகளை இசைவாணர் பலர் தம் கைப்பொருளால் முடிக்கவேண்டியதாயிற்று. 1997இல் அமெரிக்க அன்பர்கள் செய்திருந்த காவல் இங்கே இல்லை. தீத்துவுடன் சென்ற சகோதரர் இங்கே இல்லை. அதே 2019இல் மைஸ்பேஸ் நிறுவனம், கணினிகளை மாற்றுகையில் 2016க்கு முன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை இழந்துவிட்டதாக அறிவித்தது. அழிந்தவை 5 கோடிப் பாடல்கள் வரை இருக்கும் என்று செய்தி வெளியாயிற்று. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை எத்தனை என்று எவரும் எண்ணிச் சொல்ல இயலாது.

2020 மார்ச்சில், கொள்ளைநோயால் அரங்குகள் மூடப்பட்டபோது, பேண்ட்கேம்ப் ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கைத் துறந்தது. அந்த ஒரே நாளில் அன்பர்கள் 43 லட்சம் டாலர் செலவிட்டனர். நல்ல செயலே. ஆனால் அந்நிறுவனமும் 2022இலும் 2023இலும் இருமுறை கைமாறி, பணியாளரில் ஏறக்குறைய பாதிப்பேரை இழந்தது. பாடகர்களையோ, பணியாளரையோ எவரும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 தொடக்கத்திலிருந்து, ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு உரிமைத்தொகை இல்லை என விதித்தது. பாக்கின் வருமானம் ஊரின் சாவைப் பொறுத்திருந்தது. இக்காலத்துப் பாடகரின் வருமானம், தாம் கண்டிராத ஒரு நிறுவனத்தின் விதியைப் பொறுத்திருக்கிறது.

இவ்விரு பக்கங்களையும் ஒரே வாழ்வில் கண்டவர் அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர். 2004இல் ஆர்ட்டிஸ்ட்ஷேர் வழியே, படைப்பு உருவாகும் முறையைக் காண விரும்பிய அன்பர்களின் பணத்தைக் கொண்டு ஒரு தொகுப்பை வெளியிட்டார். கடைகளில் விற்காமல் இணையத்தில் மட்டும் விற்ற தொகுப்பு ஒன்று கிராமி விருது பெற்றது 2005இல் அதுவே முதன்முறை. பத்தாண்டுகளுக்குள் அவரே இணையப் பெருநிறுவனங்களின் கடுமையான எதிரியானார். 2014இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் நின்று, தம் இசையை அனுமதியின்றி ஏற்றுவோரைத் தடுக்கச் சிறு இசைவாணருக்குச் சட்டத்தில் வழியில்லை என்று சாட்சி கூறினார். 2020இல் யூடியூப் மீது வழக்குத் தொடுத்தார். 2023இல் விசாரணை தொடங்கும் தறுவாயில் அவ்வழக்கு தீர்ப்பின்றி முடித்துக்கொள்ளப்பட்டது. வழக்குத் தொடுத்த ஆண்டிலேயே அவருடைய 'டேட்டா லார்ட்ஸ்' வெளிவந்தது. இரண்டு தட்டுகள் கொண்டது. ஒன்று எண்ணிம உலகத்தின் ஆண்டைகளைப் பற்றியது, மற்றொன்று பறவைகளும் மண்ணும் விண்மீன்களும் உள்ள உலகத்தைப் பற்றியது. அதற்கான பணத்தையும் பழையபடியே, ஆர்ட்டிஸ்ட்ஷேரில் தம்மைப் பின்தொடர்ந்த அன்பர்களிடமிருந்தே இணையத்தின் வழியாகப் பெற்றார்.