தண்ணீர்மலைக் காட்டின் ஆசிரியர்

தைப்பூசம் என்றதும் நமக்குப் பினாங்குத் தண்ணீர்மலை நினைவுக்கு வருகிறது. காவடியை இறக்கி, முருகனைத் தரிசித்த பின், பிள்ளைகளோடு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவுக்கும் போய் வருகிறோம். அந்தப் பூங்காவை உருவாக்கியவர் யார்? நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? இன்று காண்போம்.

அவர் பெயர் சார்ல்ஸ் கர்டிஸ். 1853-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பார்ன்ஸ்டேபிள் என்னும் ஊரில் பிறந்தவர். வீட்ச் என்ற நாற்றுப்பண்ணை நிறுவனத்துக்காக மடகாஸ்கர், போர்னியோ, சுமத்திரா முதலிய இடங்களில் அலைந்து அரிய செடிகளைச் சேகரித்தவர்.

அவர் வருவதற்கு முன் பினாங்கு மலைகளின் நிலை என்ன? ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடுவதற்காக மலைச்சரிவுகளில் காடு வெட்டப்பட்டது. இப்படியே போனால் தீவின் தட்பவெப்பம் கெட்டுவிடும் என்று ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞர் 1848-இலேயே எழுதி எச்சரித்தார். ஜார்ஜ் டவுன் மக்கள் குடித்ததோ அந்த மலையின் அருவி நீர். காடு போனால் தண்ணீர் எங்கே?

1883-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் நதானியேல் கேன்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை தந்தார். காவல்காடுகள் வேண்டும் என்றார். மறு ஆண்டு, 1884-இல், பினாங்கின் தோட்டங்களையும் காடுகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கர்டிஸிடம் வந்தது. அருவிப் பள்ளத்தாக்கில் கருங்கல் உடைத்த இடத்தை அவர் பூங்காவாக மாற்றினார்.

இந்தியாவில் தேராதூனில் 1878-இலேயே வனப்பள்ளி தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் 1912-இல் வனக்கல்லூரி வந்தது. கர்டிஸின் பினாங்கில் அப்படி ஒன்றும் இல்லை. பூங்காவே பள்ளி, மரங்களே பாடநூல். தீவில் தானாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பெயர் குறித்து, 1894-இல் பட்டியலாக வெளியிட்டார். எதைக் காக்க வேண்டும் என்று தெரிய, முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா?

நம் வாழ்வோடு பின்னிய பால்மரத்தையும் அவர் விடவில்லை. நாடெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே, பினாங்கில் வளர்ந்த மரத்தில் பாலெடுத்துச் சோதித்துப் பார்த்தார். 1903-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அவர், 1928-இல் காலமானார்.

நேயர்களே, கர்டிஸின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஆனால் ஒரு மனிதர் தனியே ஒரு பள்ளத்தாக்கைப் பூங்காவாக்க முடியுமா? கல் பெயர்த்தவர்கள், நாற்றுச் சுமந்தவர்கள், காட்டில் வழி காட்டியவர்கள் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம். நம் முன்னோர் அறிந்ததும் அப்படித்தான். எந்த மரம் எப்போது நன்றாகப் பால் தரும், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்த கல்வி. அதை யாரும் பட்டியலிடவில்லை.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் கல்வி தாத்தா பாட்டியோடு மறைந்துவிடக் கூடாது. அடுத்த தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை போகும்போது, பூங்காவில் ஒரு மரத்தடியில் நின்று அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நமக்குத் தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேட்போம். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். கர்டிஸும் அப்படித்தான் ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார்.