இரைச்சல் காட்டிக்கொடுத்த கதை

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று யார் சொன்னது? கிராஃபுக்கும் சரித்திரம் உண்டு. இந்த மலரில் ஒரு கிராஃபின் சரித்திரத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

1665-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். ஒருவர் கண்டதை நாலு பேருக்குச் சொல்லவேண்டும். யார் முதலில் கண்டார் என்பதற்குத் தேதியோடு அத்தாட்சி இருக்கவேண்டும். ஆராய்ச்சி இதழ்களின் அடிப்படை இவ்வளவுதான். ‘கண்டேன்’ என்று எழுதுகிறவர் நிஜமாகவே கண்டிருப்பார் என்பது யாரும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் பலமுறை உடைந்திருக்கிறது. அதில் ஒன்று நடந்த இடம், எலெக்ட்ரானிக்ஸ் படித்த எங்களுக்கெல்லாம் கோயில் மாதிரி: அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம், மர்ரே ஹில், பெல் லேப்ஸ். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம்!

யான் ஹென்ட்ரிக் ஷோன் ஜெர்மன்காரர். கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு பெல் லேப்ஸுக்கு வந்தார். அமைதியான பையன், கடும் உழைப்பாளி என்று பெயர். 2000-ஆம் ஆண்டிலிருந்து அவருடைய கட்டுரைகள் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வரிசையாக வரத் தொடங்கின. கரிமப் படிகத்தில் லேசர் என்றார். கால்பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு 117 கெல்வினில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்றார். 2001 கடைசியில், ஒற்றை மூலக்கூறே டிரான்சிஸ்டராக வேலை செய்கிறது என்று எழுதினார். சிலிக்கானின் காலம் முடிந்தது என்றே பலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வருஷம் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரை! நமக்கு ஒரு செமினார் பேப்பர் எழுதவே எட்டு வாரம் ஆகும். இந்த வேகத்தைப் பார்த்தே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? பரிசுகள்தான் வந்தன.

இந்த நேரத்தில் உலகத்தில் பல ஆய்வகங்கள் அதே சோதனைகளைச் செய்துபார்க்க முயன்றன. ஒன்றும் வரவில்லை. ஷோனின் வித்தையெல்லாம் படிகத்தின்மேல் பூசுகிற மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலத்தில் இருந்தது. மற்றவர்கள் பூசிய படலம் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றினாலே உடைந்துபோகும், இவருடையது தாங்குமாம். கேட்டால், கான்ஸ்டன்ஸில் உள்ள பழைய மெஷினில் பூசினேன் என்பார். எங்கேயோ ஒரு ஆராய்ச்சி மாணவன், ‘நம்ம கைதான் சரியில்லை போல’ என்று ராத்திரி பகலாகப் படலம் பூசி உடைத்துக்கொண்டிருந்தான். நடக்காத சோதனையை நடத்திக்காட்ட முயன்று, பி.எச்டி.யின் இரண்டு வருஷத்தைத் தொலைத்தவனுக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கதையில் என்னை உறுத்துவது இதுதான். பரிசும் பதவியும் அப்புறம்.

2002 வசந்த காலத்தில் குட்டு வெளிப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லிடியா சோன் இரண்டு கட்டுரைகளின் கிராஃபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெவ்வேறு சோதனைகள், ஆனால் கோட்டில் இருந்த இரைச்சல் இரண்டிலும் ஒன்றே. நம் லேபில் சி.ஆர்.ஓ. திரையில் கோடு கொஞ்சம் நடுங்குமே, அதைத்தான் இரைச்சல் என்கிறேன். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் இரண்டு நாள் துளிக்குத் துளி ஒரே மாதிரி இருக்குமா? இருந்தால் அது மழை இல்லை, டேப். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பால் மெக்யூன் மேலும் தேட, அதே இரைச்சல் மூன்றாவது கட்டுரையிலும் இருந்தது. தவறுதலாக ஒரே படத்தை இரண்டு தடவை அனுப்பிவிட்டேன் என்றார் ஷோன்.

பெல் லேப்ஸ் மே மாதமே ஐந்து பேர் குழுவை அமைத்தது. தலைவர் ஸ்டான்ஃபோர்டின் மால்கம் பீஸ்லி. உறுப்பினர்களில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் க்ரோமரும், நம் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சுப்ரியோ தத்தாவும் உண்டு. மூல அளவீடுகளைக் காட்டு என்றார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் என்றார். லேப் நோட்டு? முறையாக எழுதவில்லை. சாம்பிள்? வீணாகிவிட்டன, எறிந்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டு இல்லாமல் பிராக்டிகல் பரீட்சைக்கு வந்த கதைதான்! நம் ஊரில் உள்ளேயே விடமாட்டார்கள்.

2002 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 24 குற்றச்சாட்டுகளில் 16 நிரூபணம். சில ‘அளவீடுகள்’ சமன்பாட்டிலிருந்து கணக்குப் போட்டு வரைந்தவை. பெல் லேப்ஸ் அவரை உடனே வேலையை விட்டு நீக்கியது. ‘சயின்ஸ்’ 8 கட்டுரைகளையும், 2003 மார்ச்சில் ‘நேச்சர்’ 7 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. தவறுகள் நேர்ந்தன, ஆனால் அந்த விளைவுகளை நான் பார்த்தது நிஜம் என்பதே ஷோனின் நிலையாக இருந்தது.

சரி, ஒருவர் பொய் சொன்னார். மற்றவர்கள்? கட்டுரையைப் பரிசீலிக்கும் நிபுணர்களைக் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்கள் கைக்கு வருவது காகிதமும் கிராஃபும்தான். லேபுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. கூட்டாசிரியர்கள் விஷயம் வேறு. அவர்கள் மோசடியில் பங்கு பெறவில்லை என்று குழு தெளிவாகச் சொன்னது. ஆனால் மூத்த விஞ்ஞானியான பெர்ட்ராம் பேட்லாக், இத்தனை பெரிய முடிவுகளைப் போதிய அளவு துருவிக் கேட்டாரா என்ற கேள்வியைத் திறந்தே வைத்தது. முக்கியமான அளவீடுகள் நடந்தபோது ஷோனைத் தவிர வேறு யாருமே பக்கத்தில் இல்லை. ஆனாலும் கட்டுரையில் பல பெயர்கள். நம் ஊரில் துறைத்தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்க்கிற வழக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி! அப்படி நுழைகிற பெயருக்குப் பெருமையில் பங்கு உண்டு, பொறுப்பில் கிடையாது.

2002 நவம்பரிலேயே அமெரிக்க இயற்பியல் கழகம் கூட்டாசிரியர்களின் பொறுப்பு குறித்துத் தனி விதிகளை வெளியிட்டது. யார் அளந்தார், யார் எழுதினார், யார் யோசனை சொன்னார் என்று கட்டுரையின் கடைசியில் எழுதும் வழக்கம் பல இதழ்களில் வந்துவிட்டது. இப்போது கட்டுரை அனுப்பும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் படிவம் தொல்லையாகத் தெரியும். அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன.

ஷோனின் டாக்டர் பட்டத்தை 2004-இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. பெல் லேப்ஸில் நடந்துகொண்ட விதத்தால் பட்டத்துக்குத் தகுதியற்றவர் ஆனார் என்பது அவர்கள் வாதம். வழக்கு நடந்தது. 2010-இல் ஃபிரைபர்க் நீதிமன்றத்தில் ஷோன் ஜெயித்தார். 2011-இல் மேல்கோர்ட்டில் தோற்றார். 2014-இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் கைவிரித்தது. அந்தக் கட்டுரைகளை இன்று இணையத்தில் திறந்தால் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்பு முன்னால் நிற்கும். அப்போதே அச்சாகி, பைண்டு செய்து உலகமெங்கும் அலமாரிகளில் நிற்கும் 2000, 2001 வால்யூம்களின் அந்தப் பக்கங்களில் அப்படி எதுவும் அச்சாகவில்லை. கிராஃபுகள் இன்றும் அழகாகத்தான் இருக்கின்றன.