அருளப்பன் என்னும் பெயர்

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடத்தின் அடியில் திருப்பதி அமைந்துள்ளது. அதன் தென்மேற்கே சித்தூர் உள்ளது. 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்த சித்தூர், 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம் மாறின. அவற்றைக் கடந்து வாழ்ந்த ஒரு பெயரின் வரலாற்றை இங்கே காண்போம்.

எபிரேய மொழியில் 'யோகானான்' என்பது பழம்பெயர். 'யோ' என்பது இறைவன் திருப்பெயரின் சுருக்கம். 'கானான்' என்பது 'அருள் புரிந்தான்' எனப் பொருள்படும். எனவே, 'இறைவன் அருள் செய்தான்' என்பதே இதன் பொருள். அன்னாள் என்னும் பெயரும் அதே வேரினின்று பிறந்ததாகும். யோகானான் கிரேக்கத்தில் யோவான்னஸ் ஆகி, ஆங்கிலத்தில் ஜான் ஆயிற்று. தெலுங்கு விவிலியத்தில் அது யோஹானு, தமிழில் யோவான். 1853இல் ஆற்காட்டு மிஷனை நிறுவிச் சித்தூரிலும் பணியாற்றிய ஸ்கடர் சகோதரர்களின் தந்தை பெயரும் ஜான் என்பதே.

இவையெல்லாம் ஒலியைப் பெயர்த்த வடிவங்கள். தமிழ்க் கத்தோலிக்கரோ பொருளைப் பெயர்த்தனர். இறைவனின் அருளைச் சொல்லும் அப்பெயர் அவர்கள் நாவில் 'அருளப்பன்' ஆயிற்று. லிஸ்பனில் 1647இல் பிறந்து, 1693இல் ஓரியூரில் உயிர் நீத்த ஜான் டி பிரிட்டோவும் அருளானந்தர் என்றே அழைக்கப்பட்டார். 'இறைவன் துணைசெய்தான்' எனப் பொருள்படும் எலயாசர் என்னும் எபிரேயப் பெயர் லாசர் எனச் சுருங்கியது. அதுவே தமிழில் 'தேவசகாயம்' ஆயிற்று. 1745இல் திருமுழுக்குப் பெற்ற நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ஏற்ற பெயர் அதுவே. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பழைய கத்தோலிக்க விவிலியத்தில் வழங்கிய 'அருளப்பர்' என்னும் சொல், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் யோவானுக்கு இடம் விட்டது. இனி, அது வாழுமிடம் மக்களின் பெயரே. பிற மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களிலோ, அருளப்பன் என்பது பள்ளிப் பதிவேட்டில் ஜானாகக் குறுகுவதும், பெயரனுக்குத் தாத்தா பெயரின் பொருள் விளங்காமற் போவதும் எளிது. வழக்கிற்கேற்ப வடிவம் மாறுவதில் தவறில்லை. பொருள் மறைந்துவிடின் அது இழப்பே. ஆகவே, பெயரிடும் நாளில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும் நாம், அது வளர்ந்தபின் அதன் பொருளையும் சொல்லி வைப்போமாக. எந்த ஊரில் வாழினும், அருள் என்னும் சொல்லை அக்குழந்தை தன் பெயரிலேயே கேட்கும்.