அம்மை குத்தினால் ஆண்டவருக்குக் கோபம் வருமா?

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ நண்பனோட அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த கையோடு சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தாங்க. "நீயாவது சொல்லுடா"ன்னு நண்பன் என்னை இழுத்துட்டுப் போனான். அம்மா நிதானமா கேட்டாங்க: "ஏன் தம்பி, ஆண்டவர் சுகம் குடுத்துட்டார்னு விசுவாசிச்ச பிறகும் மாத்திரை போட்டா, அது அவிசுவாசம்தானே?"

பதில் தெரியலை. காபியைக் குடிச்சிட்டு வந்துட்டேன். அப்புறம் தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, கிட்டத்தட்ட இதே கேள்விக்காக 1721-ல் ஒரு ஊரே ரெண்டா உடைஞ்சிருக்கு. ஒரு போதகர் வீட்டு ஜன்னல் வழியா வெடிகுண்டு வீசுற அளவுக்கு!

அந்த ஊர் பாஸ்டன். அப்போது அது பிரிட்டிஷ் காலனி, சுமார் 11,000 பேர் வாழ்ந்த ஊர். பெரும்பாலும் ப்யூரிட்டன் கிறிஸ்தவர்கள். மழை பெய்தாலும் தேவ சித்தம், பெய்யாவிட்டாலும் தேவ சித்தம் என்று வாழ்ந்தவர்கள். 1721 ஏப்ரலில் வந்த ஒரு கப்பலோடு பெரியம்மையும் ஊருக்குள் இறங்கியது. அடுத்த வருஷத்துக்குள் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். 844 பேர் செத்துப் போனார்கள். ஏழு பேரில் ஒருவர்!

அந்த ஊரின் பெரிய போதகர் காட்டன் மேதர். 1692-ல் சேலம் சூனியக்காரி வழக்குகளுக்கு ஆதரவாக எழுதிய அதே ஆள்தான். வீட்டில் அடிமையும் வைத்திருந்தார். 1706-ல் சபையார் வாங்கிக் கொடுத்த அந்த ஆப்பிரிக்க மனிதருக்கு மேதர் வைத்த பெயர் ஒநேசிமு. பைபிளில் பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் வருகிற அடிமையின் பெயர். 'பயனுள்ளவன்' என்று அர்த்தம்.

ஒருநாள் மேதர் அவரிடம், உனக்குப் பெரியம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம் என்கிற மாதிரி பதில் வந்தது. ஆப்பிரிக்காவில் தன் ஊர்ப் பக்கம் அம்மைக் கொப்புளத்துச் சீழைக் கொஞ்சம் எடுத்து, நல்லா இருக்கிறவன் தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள், லேசாக அம்மை போட்டு இறங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் வராது என்று சொல்லிக் கையிலிருந்த தழும்பைக் காட்டினார் ஒநேசிமு. மேதர் ஊரிலிருந்த மற்ற ஆப்பிரிக்கர்களையும் விசாரித்தார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். துருக்கியிலும் இப்படிச் செய்வதாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டிலும் படித்தார்.

அம்மை பரவியதும் ஊர் டாக்டர்களுக்கெல்லாம் மேதர் எழுதினார். துணிந்து வந்தவர் ஒரே ஒருவர், சாப்டியேல் பாயில்ஸ்டன். ஜூன் 26 அன்று தன்னுடைய ஆறு வயது மகனுக்கும், வீட்டிலிருந்த அடிமை ஒருவருக்கும் அவருடைய குழந்தைக்கும் அம்மை குத்தினார். மூன்று பேரும் பிழைத்தார்கள். ஊர் கொதித்தது.

நான் முதலில் நினைத்தது, ஒரு பக்கம் மதம், மறுபக்கம் அறிவியல்னு. அதான் இல்லை! அம்மை குத்துவதை ஆதரித்தவர்களில் முன்னால் நின்றது போதகர்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் டக்ளஸ், ஊரிலேயே மருத்துவப் பட்டம் வைத்திருந்த ஒரே ஆள். ஆப்பிரிக்க அடிமைகள் பேச்சை எல்லாம் நம்புவதா என்று கிண்டலடித்தார். ஆனால் அவர் கேட்டதில் ஒன்று நியாயம்: குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றினால் என்ன செய்வது? உண்மையிலேயே தொற்றும்.

பக்தி வழியாக எதிர்த்தவர்கள் சொன்னது வேறு. நோய் கடவுள் கையிலிருக்கிற பிரம்பு, அதற்கு முதுகைக் காட்டி மனந்திரும்ப வேண்டுமே தவிர விலகி ஓடக்கூடாது என்றார்கள். நல்லா இருக்கிறவனுக்கு வைத்தியன் எதற்கு என்று இயேசு சொன்னதையே எடுத்துக் காட்டினார்கள். குத்தி ஒருவன் செத்தால் அது கொலை, பத்துக் கட்டளைக்கு விரோதம் என்றார்கள். ஆதரித்தவர்களும் அதே கட்டளையைத்தான் காட்டினார்கள்: காப்பாற்ற வழி தெரிந்தும் சும்மா இருப்பதுதான் கொலை!

லண்டனிலும் அதே 1721-ல் அம்மை குத்துவது ஆரம்பித்திருந்தது. அடுத்த வருஷம் அங்கே எட்மண்ட் மாசே என்ற போதகர் யோபுவின் கதையை வைத்து இதற்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். நோய் என்பது விசுவாசத்துக்குச் சோதனை, இல்லாவிட்டால் பாவத்துக்குத் தண்டனை. அதில் மனுஷன் கை வைக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

மேதரும் நோய்க்கு மூலம் பாவம்தான் என்று நம்பியவர். 1724-ல் எழுதின மருத்துவ நூலில்கூட (முழுசாக அச்சானது 1972-ல்தான்!) அதைத்தான் சொல்கிறார். ஆக, நோய் எங்கிருந்து வருகிறது என்பதில் ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்பதில்தான் வித்தியாசம். தண்டனையைக் கடைசி அடி வரை அனுபவித்தே ஆகணும் என்கிற நீதிபதியா? அடித்த கையாலேயே மருந்தும் தடவுகிற அப்பாவா? மருந்தும் அவர் அனுப்பியதுதான் என்றால் அதை வேண்டாம் என்பதல்லவா அவமரியாதை?

பேசுவது சுலபம். மேதருக்குத் தன் மகன் சாமுவேல் விஷயம் வந்தபோது கை நடுங்கியது. 1713-ல் தட்டம்மையில் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் சில நாட்களுக்குள் பறிகொடுத்த மனிதர். இப்போது பையனுக்குக் குத்தி ஏதாவது ஆகிவிட்டால்? குத்தாமல் விட்டு அம்மை வந்துவிட்டால்? கடைசியில் தாத்தா இன்க்ரீஸ் மேதர், ரகசியமாகச் செய்துவிடு என்றார். குத்தினார்கள். காய்ச்சல் கடுமையாக அடித்தது, பையன் பிழைத்தான்.

நவம்பர் 14 விடியற்காலையில் ஜன்னல் வழியாக அந்த வெடிகுண்டு வந்து விழுந்தது. அம்மை குத்திக்கொண்ட உறவினர் ஒருவர் படுத்திருந்த அறை. நல்லவேளை, திரி கழன்று விழுந்துவிட்டதால் வெடிக்கவில்லை.

பாயில்ஸ்டன் குத்தியது சுமார் 240 பேருக்கு. இறந்தது ஆறு பேர், அதாவது நாற்பதில் ஒருவர். வயசு வாரியாகப் பட்டியல் போட்டு 1726-ல் புத்தகமாகவே வெளியிட்டார்.

ஆனால் அந்த ஆறு பேர்? பிற்பாடு 1758-ல் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்ற பெரிய இறையியலாளர், பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராகப் பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே அம்மை குத்திக்கொண்டு, அதனாலேயே இறந்தார். கடவுள் நல்லவர் என்று நம்பினால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எனக்குப் புரிந்தவரை அந்த நம்பிக்கை தருவது உத்தரவாதம் அல்ல, அனுமதி. தேடிப்பார், முயற்சி செய், அவர் கோபிக்க மாட்டார் என்கிற அனுமதி.

ஒநேசிமு? தனக்குப் பதிலாக இன்னொரு அடிமையை வாங்கப் பணம் கொடுத்து 1716-ல் பாதி விடுதலை வாங்கினார். கூப்பிட்டால் வேலைக்கு வரணும் என்று நிபந்தனை. கடவுளின் இரக்கத்தைப் பற்றி அவ்வளவு எழுதின மேதருக்கு, ஊருக்கே வழிகாட்டின மனிதரை முழுசாக விட மனசு வரவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். பாஸ்டன், மேதர் எல்லாம் அவங்க காதில் ஏறிச்சான்னு தெரியலை. "அப்ப மருந்தும் அவர் குடுத்ததுதான்ங்கிற?"ன்னு மட்டும் கேட்டாங்க. இப்போ மாத்திரையை உள்ளங்கையில் வச்சுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் முழுங்குறாங்களாம். நண்பன் சொன்னான்.