இரண்டு தொட்டி, பன்னிரண்டு செடி: பிரின்ஸ் நர்சரியின் கதை

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஃப்ளஷிங் என்றோர் ஊர். இன்று மாநகரத்துக்குள் அடங்கிவிட்ட நெரிசலான பகுதி. 1737 வாக்கில் ராபர்ட் பிரின்ஸ் என்பவர் அங்கே மரக்கன்று வளர்க்கத் தொடங்கினார். அமெரிக்காவில் வியாபாரமாக நடந்த முதல் பெரிய நர்சரி என்று தோட்டக்கலை வரலாறு எழுதுவோர் இதைத்தான் காட்டுவார்கள். மகன், பேரன், கொள்ளுப்பேரன் என நான்கு தலைமுறை அதை நடத்தியது.

சோதனைகளும் வந்தன. விடுதலைப் போரின்போது, 1776இல் லாங் ஐலண்டைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி ஹவ், நர்சரி பாழாகாமல் இருக்கக் காவல் போட்டார். ஆனாலும் போர்க்காலத்தில் கன்று வாங்க யார் வருவார்? செர்ரிக் கன்றுகள் பீப்பாய்க்கு வளையம் கட்டும் கழியாக விலைபோயின. 1789 அக்டோபரில் ஜனாதிபதி வாஷிங்டனே வந்து பார்த்தார். எந்த நிறுவனமும் தன் விழா மலரில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும் செய்திதான். அவரோ, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டார்! 1793இல் ராபர்ட்டின் பேரன் இரண்டாம் வில்லியம் பிரின்ஸ் பக்கத்து நிலத்தை வாங்கி, தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரில் தாவரத் தோட்டம் அமைத்தார். ரோஜா உலகம் இந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டது அவர் காலத்தில்தான்.

தெற்கே தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஜான் சாம்ப்னி என்ற நெல் பண்ணைக்காரர் இருந்தார். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தோட்டத்தில் புதிய ரோஜா ஒன்று முளைத்தது. தாய், வெள்ளைப் பூப்பூக்கும் மஸ்க் ரோஜா. தந்தை, சீனத்திலிருந்து வந்த ‘ஓல்டு பிளஷ்’. தாயிடமிருந்து கொடிபோல உயரும் குணமும், கொத்தாகப் பூக்கும் பழக்கமும், வாசனையும். தந்தையிடமிருந்து இளஞ்சிவப்பு நிறமும், திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும். அதுவரை ஐரோப்பியத் தோட்டங்களில் ஏறிப் படர்ந்த ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். இதுவோ கோடையில் தொடங்கி உறைபனி விழும்வரை பூத்தது. அதன் மகத்துவம் இவ்வளவுதான். ஆனால் இது சிறிய விஷயமில்லை. சாம்ப்னி தம் கையால் மகரந்தம் சேர்த்தாரா, தேனீ சேர்த்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கையால் கலப்பினம் செய்வது அபூர்வமாக இருந்த காலம் அது; எனக்குத் தேனீயின் மேல்தான் நம்பிக்கை.

இந்தப் பிறப்புக்கதை நமக்குக் கிடைத்தது பிரின்ஸ் வீட்டிலிருந்து. இரண்டாம் வில்லியமின் மகன் வில்லியம் ராபர்ட் பிரின்ஸ் 1846இல் வெளியிட்ட ரோஜாக் கையேட்டில் அதை எழுதினார். தம் தந்தையோடு நெடுநாள் கடிதத் தொடர்பு வைத்திருந்த சாம்ப்னி, தொட்டிக்கு ஆறாக இரண்டு தொட்டிகளில் செடிகளை அனுப்பினார் என்கிறார். எல்லாம் மூலச்செடியின் குச்சியை ஊன்றி வளர்த்தவை. அவற்றிலிருந்து ஏராளமாகப் பெருக்கி இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் அனுப்பினார்களாம். விற்றவர் வீட்டுச் சாட்சியம் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். இருந்தாலும், இதைவிட நெருங்கிய சாட்சியம் நம்மிடம் இல்லை.

அதே சார்ல்ஸ்டனில் இருந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஃபிலிப் நுவாசெத், சாம்ப்னி ரோஜாவின் விதையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அடுக்கு கூடியது, உயரம் குறைந்தது. பாரிஸில் நர்சரி வைத்திருந்த சகோதரர் லூயிக்கு அதை அனுப்பினார். ரோஜா ஓவியர் ரெதூத்தே அதற்குப் படம் வரைந்தார், தாவரவியலாளர் தோரி விளக்கம் எழுதினார். அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் ரோஜா வகுப்புக்கே ‘நுவாசெத்’ என்ற பெயர் நிலைத்தது. பிரின்ஸ் மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் சாம்ப்னியின் பெயர் போன இடம் தெரிந்திருக்காது. அவருடைய நெல் வயல்களில் உழைத்த அடிமை மக்களை எந்த ரோஜாப் புத்தகமும் குறித்து வைக்கவில்லை. ஃபிலிப்பின் துணைவி செலஸ்டினும் அவர்கள் பிள்ளைகளும்கூடச் சட்டத்தின் கண்ணில் அவருடைய அடிமைகளே. அவர்களை விடுவிக்கத் தம் உயிலில் அவர் வழிதேட வேண்டியிருந்தது.

வில்லியம் ராபர்ட் எழுத்தில் கெட்டிக்காரர், வியாபாரத்தில் துணிச்சல்காரர். பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டைக் கன்றில் ஊரே பித்துப் பிடித்து அலைந்தபோது அவரும் பெரும்பணம் போட்டார். 1839இல் சந்தை சரிந்து நொடித்தார். பத்தாண்டு கழித்துத் தங்கம் தேடுவோரோடு கலிஃபோர்னியாவும் போய்வந்தார். 1869இல் அவர் மறைந்தார். நர்சரியும் நிலைக்கவில்லை.

செடியைப் பற்றி எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இருபதாம் நூற்றாண்டில் சாம்ப்னி ரோஜாவின் தாயான மஸ்க் ரோஜாவே கைநழுவிப் போயிருந்தது; அதன் பெயரில் கோடைத் தொடக்கத்தில் பூக்கும் இமயமலை ரோஜாவை விற்றுக்கொண்டிருந்தார்கள். உண்மையான மஸ்க் கோடைக் கடைசியில்தான் பூக்கும் என்று பழைய நூல்களில் படித்திருந்த ரோஜா வல்லுநர் கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ், 1963இல் லண்டன் அருகே என்ஃபீல்டில் தோட்டக்கலைஞர் ஈ. ஏ. பௌல்ஸ் வாழ்ந்த மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தில் அதைக் கண்டெடுத்தார். சாம்ப்னியின் இளஞ்சிவப்புக் கொத்து ரோஜாவை அவர் பெயரிலேயே இன்றும் பழைய ரோஜா நர்சரிகளில் வாங்கலாம்.